ரேமுக்கு 1.5 வோல்ட்: அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பின் கம்ப்யூட்டர் பகுதியில் ரேமை வேகப்படுத்துவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த மாதிரி விஷயத்தைத் தமிழில் உட்கார்ந்து எழுத ஆள் கிடைப்பதே பெரிய காரியம், அதற்கு முதலில் பாராட்டு. ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது. ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி செட்டிங்கை ஆன் செய்த பிறகு கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றால் ரேம் வோல்ட்டேஜைப் பயப்படாமல் 1.5 வரை ஏற்றிப் பாருங்கள், சரியாகிவிடும் என்று. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். இடம் போதாவிட்டால் என் வாக்கியங்களை வெட்டிக்கொள்ளுங்கள், எண்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் சார்ஜ்மேன், அதாவது மின்சாரப் பேனல்களைப் பார்த்துக்கொள்கிறவன். வேலை முடிந்த பிறகு இங்குள்ள பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் செட் பண்ணிக் கொடுப்பதும், ஈப்போவிலோ ஷாப்பியிலோ வாங்கி வந்து பாதியில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்குப் பார்த்துக் கொடுப்பதும் பழக்கம். உங்கள் கட்டுரை வந்த வாரமே பக்கத்துத் தாமான் பையன் ஒருவன் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, “அங்கிள், இதுல போட்ட மாதிரி 1.5 வைக்கலாமா?” என்று கேட்டான். அவன் கேட்டுவிட்டுச் செய்கிற பிள்ளை. கேட்காமல் செய்தவர்கள் எத்தனை பேரோ.

டிடிஆர்4 தலைமுறை ரேமுக்கு ஜெடெக் என்கிற தர அமைப்பு வகுத்த வோல்ட்டேஜ் 1.2. கடையில் 3200, 3600 என்று வேகத்தைப் பெட்டியில் போட்டு விற்கிற செட்களில் பெரும்பாலானவை எக்ஸ்எம்பி ஆன் செய்ததும் 1.35க்குப் போகும். அதே ஜெடெக் ஆவணத்தில், இதற்கு மேல் போனால் சிப்புக்கு நிரந்தரக் கேடு வரலாம் என்று கோடு போட்டிருக்கிற இடம் 1.5. எங்கள் வேலையில் ஒரு மோட்டாரின் உச்ச எல்லையைப் பார்த்து, சரி, இதிலேயே தினமும் ஓட்டுவோம் என்று எவனாவது சொன்னால் அவனைப் பேனல் பக்கமே விடமாட்டோம்.

இல்லை, 1.5லேயே விற்கிற செட்களும் இருக்கின்றனவே என்று யாராவது கேட்கலாம். இருக்கின்றன. சாம்சுங்கின் பி-டை என்ற சிப் போட்ட செட்கள் அவற்றில் பேர் போனவை, வோல்ட்டேஜ் ஏற ஏற டைமிங்கை, அதாவது ரேம் பதில் தர எடுக்கும் காத்திருப்பை, இறுக்க விடும் சிப் அது. ஆனால் நம் பையன்கள் விலை பார்த்து வாங்கும் செட்டில் இருப்பது பெரும்பாலும் அது இல்லை. மைக்ரானோ ஹைனிக்ஸோ இருக்கும், அவற்றில் சில ரகங்களுக்கு ஓரளவுக்கு மேல் வோல்ட்டேஜ் கொடுத்தால் பலன் நின்றுவிடும், சூடு மட்டும் ஏறும். ஒரே பிராண்டு, ஒரே ஸ்டிக்கர், உள்ளே வேறு வேறு சிப் என்பதும் சாதாரணம். அதனால்தான் எல்லாருக்கும் பொதுவாக ஒரு எண்ணைப் பேப்பரில் போடுவது ஆபத்து என்கிறேன்.

இன்னொன்று, கட்டுரையில் வோல்ட்டேஜ் என்றாலே ரேம் வோல்ட்டேஜ் மட்டும்தான் என்பது போல் எழுதியிருக்கிறது. ரேமில் தப்பு வந்தால் தப்பு ரேமில்தான் என்று யார் சொன்னது? ரேமோடு பேசுகிற மெமரி கண்ட்ரோலர் சிபியுவுக்குள் இருக்கிறது. எக்ஸ்எம்பி 3600 என்றால் அந்த ரேம் 3600 ஓடும் என்று ரேம் தயாரிப்பாளர் சொல்கிறார், அவ்வளவுதான். உங்கள் சிபியு அதற்கு ஒத்துவரும் என்று அவர் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. ரைசன் 5 5600க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்கிற வேகம் 3200. இன்டெல் ஐ5-10400க்கு 2666தான், அதுவும் பி460 போர்டில் மாட்டினால் 2666க்கு மேல் தேர்ந்தெடுக்கவே முடியாது, 3200 ரேம் வாங்கிப் போட்டாலும் 2666லேதான் ஓடும். இதைச் சொல்லாமல் 3200 ரேமைத் தலையில் கட்டுகிற கடைகள் நிறைய, பெயர் வேண்டாம்.

கண்ட்ரோலருக்கு என்று தனி வோல்ட்டேஜ் இருக்கிறது. ஏஎம்டி போர்டின் பயோஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது நுழைகிற செட்டிங் திரை) எஸ்ஓசி வோல்ட்டேஜ் என்று இருக்கும். இன்டெலில் சிஸ்டம் ஏஜெண்ட், சுருக்கமாக எஸ்ஏ, பழைய தலைமுறைகளில் அதோடு விசிசிஐஓ. இவற்றை ஆட்டோவில் விட்டுவிட்டு எக்ஸ்எம்பியை ஆன் செய்தால், எந்தக் கழுதை சிபியுவாக இருந்தாலும் பூட் ஆகட்டும் என்று பல மதர்போர்டுகள் தேவைக்கு மேலேயே அள்ளிக் கொடுக்கும். மதர்போர்டு தயாரிப்பாளருக்கு வேண்டியது புகார் வரக்கூடாது என்பது. உங்கள் சிபியு எத்தனை வருஷம் உழைக்கும் என்பது அவர் கவலை இல்லை.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு 2023ஐ நினைவுபடுத்துகிறேன். ரைசன் 7000 வரிசையில், முக்கியமாக 7800எக்ஸ்3டியில், சாக்கெட்டோடு சேர்ந்து சிபியு கருகிப் போன படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. எக்ஸ்எம்பி மாதிரி ஏஎம்டிக்கு இருக்கிற எக்ஸ்போவை ஆன் செய்ததும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்ட்டேஜைக் கண்டபடி ஏற்றியது காரணங்களில் ஒன்று. பிறகு ஏஎம்டி எஸ்ஓசிக்கு 1.3 என்று உச்ச வரம்பு வைத்து, போர்டு தயாரிப்பாளர்கள் எல்லாரும் புது பயோஸ் வெளியிட்டார்கள். இந்த ரைசன்களை மாட்டும் ஏஎம்5 போர்டை அந்தச் சமயத்தில் வாங்கி இன்று வரை பயோஸைத் தொடாதவர்கள் இருந்தால், ரேமைப் பற்றி யோசிக்கும் முன்பு முதல் வேலையாக அதை அப்டேட் செய்யுங்கள். அப்டேட் செய்த பிறகு முதல் தடவை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கருப்பாகவே நிற்கும். டிடிஆர்5 தன்னைப் பழக்கிக்கொள்ள எடுக்கும் நேரம் அது. செத்துப்போச்சு என்று பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

சரி, அப்படியானால் எதை எவ்வளவு வைப்பது? முதலில் எது தகராறு செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு முன்னால் வோல்ட்டேஜ் பக்கமே போகக்கூடாது. இரண்டு ரேம் இருந்தால் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும் அதுதான் சரியான இடம், மேனுவலில் படமே இருக்கும். ஒன்றையும் இரண்டையும் அடுத்தடுத்துச் செருகிவிட்டு வேகம் வரவில்லை என்று மாதக்கணக்கில் புலம்புகிறவர்கள் உண்டு. தனித்தனியாக வாங்கிய இரண்டு ரேம், நான்கு ரேம் என்று கலந்து போட்டிருந்தால் எக்ஸ்எம்பி எண்ணை மறந்துவிடுங்கள். ஒரு செட்டாகச் சோதித்து வந்ததற்குத்தான் அந்த எண். நான்கு ரேம் போட்டால் கண்ட்ரோலருக்குச் சுமை கூடும். ரைசன் 7000இல் இரண்டு பக்கமும் சிப் உள்ள ரேம் நான்கு போட்டால் ஏஎம்டியே உறுதி சொல்வது டிடிஆர்5-3600 வரைதான்.

அப்புறம் ஒரு பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 போட்டு, எக்ஸ்எம்பி ஆஃப் நிலையில் ஒருமுறை ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பே நான்கு சுற்று ஓடும். சாதாரண வேகத்திலேயே எரர் வந்தால் பெரும்பாலும் ரேமே கெட்டது, கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள், வோல்ட்டேஜ் ஏற்றி மூடி மறைக்காதீர்கள். அதில் சுத்தமாக வந்தால் எக்ஸ்எம்பியை ஆன் செய்து மறுபடி ஓட்டுங்கள், பிறகு விண்டோஸுக்குள் வந்து டெஸ்ட்மெம்5 ஓட்டுங்கள். மெம்டெஸ்டில் தப்பித்தது இதில் மாட்டும்.

எரர் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஆரம்பித்த இரண்டொரு நிமிடத்தில் எரர் மழையாகக் கொட்டினால் ரேம் வோல்ட்டேஜ் குறைவு அல்லது டைமிங் இறுக்கம் என்று சந்தேகப்படலாம். அப்போது 1.35ஐ 1.36, 1.37 என்று 0.01 அளவில் ஏற்றிப் பார்ப்பதில் தவறில்லை, 1.4ஐ எட்டியும் அடங்கவில்லை என்றால் வோல்ட்டேஜை விட்டுவிட்டு வேகத்தைக் குறையுங்கள். அரை மணி ஒழுங்காக ஓடி அதற்குப் பிறகு ஒன்றிரண்டு எரர் வந்தால் முதலில் சூட்டைப் பாருங்கள். ரேம் டெஸ்ட் எல்லாம் சுத்தம், ஆனால் விளையாடும்போது சத்தம் கரகரக்கிறது, யூஎஸ்பி விட்டு விட்டு வருகிறது, விண்டோஸின் பிழைப் பதிவான ஈவண்ட் வியூவரில் வீயா-லாகர் ஐடி 19 வரிசையாக நிற்கிறது என்றால், அது ரைசனுக்குள் பாகங்களை இணைக்கிற பாதையான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் தடுமாறுவது. ரேமுக்கு எத்தனை வோல்ட் கொடுத்தாலும் அது அடங்காது.

டிடிஆர்4 ரைசனில் ரேம் 3600 என்றால் அந்த ஃபேப்ரிக்கின் வேகமான எஃப்கிளாக் 1800 மெகாஹெர்ட்ஸ், ரேமின் கிளாக்கும் 1800தான், இரண்டும் ஒன்றுக்கு ஒன்று இணைந்து ஓடும். அதற்குப் பெரும்பாலான சிபியுகளுக்கு எஸ்ஓசி 1.05 முதல் 1.1 வரை போதும். ஆட்டோவில் 1.15, 1.2 என்று போய்க் கிடந்ததைக் கையால் 1.08க்கு இறக்கியதும் தகராறு நின்ற கம்ப்யூட்டர்களைப் பார்த்திருக்கிறேன். ஆமாம், இறக்கியதும். கூட்டினால்தான் உறுதி என்ற எண்ணம் எல்லார் மண்டையிலும் ஊறியிருக்கிறது, கட்டுரையாளருக்கும் அதேதான். அந்த ஃபேப்ரிக்குக்கு விடிடிஜி என்று இன்னொரு வோல்ட்டேஜ் இருக்கும். அது எஸ்ஓசியிலிருந்து இறக்கி எடுக்கிற வோல்ட்டேஜ், ஆகவே அதைவிட 0.04, 0.05 குறைவாக இருந்தாக வேண்டும். எஸ்ஓசியை 1.05இல் வைத்துவிட்டு விடிடிஜியையும் 1.05 என்று போட்டால் பயோஸ் மறுக்காது, ஆனால் வேலை செய்கிற வோல்ட்டேஜ் நீங்கள் எழுதியதாக இருக்காது.

இன்டெல்காரர்களுக்கு வேறு கதை. ஐ5-12400எஃப் இப்போது நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பெயரில் கே போடாத அந்த ரகத்தில் எஸ்ஏ வோல்ட்டேஜைப் பூட்டிவிட்டார்கள், போர்டு எவ்வளவு விலையானாலும் மாற்ற முடியாது. அதனால் டிடிஆர்4-3600 ரேமை கியர் 1இல், அதாவது கண்ட்ரோலரும் ரேமின் அதே கிளாக்கில் ஓடும்படி, ஓட்ட அந்த சிபியுகளில் பல திணறும். ரேம் வோல்ட்டேஜை 1.5 ஆக்கினாலும் கண்ட்ரோலருக்கு ஒரு பயனும் கிடையாது. 3200 கியர் 1இல் வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

3200க்கு இறங்கினால் என்ன நஷ்டம் என்று பையன்கள் முகம் சுளிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கிற சிஎல் என்ற டைமிங் எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் முதல் தரவு வர ஆகும் நேரம் நானோசெகண்டில் கிடைக்கும். 3200 சிஎல் 16 என்றால் 10. 3600 சிஎல் 18 என்றாலும் 10. டிடிஆர்5-6000 சிஎல் 30 என்று விலை கொடுத்து வாங்குகிறீர்களே, அதுவும் 10தான். வேகம் கூடினால் ஒரே நேரத்தில் நகர்கிற தரவு கூடும், அது உண்மை, ஆனால் அந்த வித்தியாசத்துக்காக வாரம் இரண்டு தடவை புளூ ஸ்கிரீன் பார்ப்பது யாருக்கு லாபம்?

சூட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. இணையத்தில் வழி சொல்கிறவர்கள் பாதிப் பேர் குளிர் நாட்டுக்காரர்கள். இங்கே தகரக் கூரை வீட்டில் மத்தியானம் வெளியே 33, 34 டிகிரி, அறைக்குள் அதற்கும் மேல். ஏர்கான் இருந்தாலும் அம்மா போட விடமாட்டார். ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய கெப்பாசிட்டரில் மின்னூட்டமாக நிற்கிறது, அது கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லிசெகண்டுக்குள் எல்லா வரிசைகளையும் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும், 85 டிகிரியைத் தாண்டினால் அதே வேலையை 32க்குள் முடிக்க வேண்டும் என்பது டிடிஆர்4 விதி. சூடு கூடினால் கசிவு கூடும். டைமிங்கை இறுக்கி வைத்த பி-டை ரேம் 50 டிகிரி பக்கத்திலேயே எரர் காட்ட ஆரம்பித்துவிடும். இதில் டிரெஃபி என்ற புதுப்பிப்பு இடைவெளி எண்ணை 65535 என்று போட்டால் நல்ல வேகம் வரும் என்று எங்கேயோ பார்த்துவிட்டுப் போடுகிறவர்களும் உண்டு. 3600 வேகத்தில் விதிப்படி அது ஏறக்குறைய 14000. அதாவது புதுப்பிக்கிற இடைவெளியை நாலரை மடங்குக்கு மேல் இழுக்கிறார்கள், நம் ஊர் வெயிலில்.

வோல்ட்டேஜ் ஏறும்போது சூடு நேர்விகிதத்தில் ஏறாது, வர்க்கத்தில் ஏறும். 1.35இலிருந்து 1.5க்குப் போவது பார்க்க 11 விழுக்காடுதான், ஆனால் அந்தக் கணக்கில் செலவாகும் மின்திறன் சுமார் 23 விழுக்காடு கூடுகிறது. ரேமுக்குப் பக்கத்திலேயே கிராஃபிக்ஸ் கார்டு வேறு அனல் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் ராத்திரி குளிர்ச்சியில் டெஸ்ட் ஓட்டிவிட்டு, பாஸ் என்று தூங்கப் போகாதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஒரு கேம் ஓட்டி கேஸ் நன்றாகச் சூடானதும் டெஸ்ட் போடுங்கள். ரேமில் சென்சார் இருந்தால் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் டிகிரி தெரியும். கேஸ் முன்பக்கத்தில் ஒரு ஃபேன் கூட வைத்தால் 0.05 வோல்ட் ஏற்றுவதைவிடப் பலன் கிடைக்கிற சந்தர்ப்பங்கள் உண்டு, விலையும் குறைவு. கேஸை மேசைக்கு அடியில் மூடிய அலமாரிக்குள் தள்ளி வைப்பதையும் நிறுத்த வேண்டும்.

இங்கே எதற்கெடுத்தாலும் “கரண்ட் சரியில்ல, தோட்டத்து லைன், ஏறி இறங்குது” என்று சொல்லிவிடுவார்கள். என் தொழிலே அது என்பதால் சொல்கிறேன், நம் நாட்டு விநியோகம் 230 வோல்ட், கூடினால் 10 விழுக்காடு, குறைந்தால் 6 விழுக்காடு வரை அனுமதி. அந்த ஏற்ற இறக்கத்தைப் பவர் சப்ளை விழுங்கி 12 வோல்ட், 5 வோல்ட் என்று ஆக்குகிறது, அங்கிருந்து மதர்போர்டும், டிடிஆர்5 என்றால் ரேமிலேயே இருக்கிற மின் சிப்பும், தங்களுக்கு வேண்டியதை இறக்கிக்கொள்கின்றன. லைனில் 225 வந்தாலும் 240 வந்தாலும் ரேமுக்குப் போகிற 1.35 அசையாது. மின்னல் வேறு விஷயம், அதற்குப் பிளக்கைக் கழற்றுங்கள், மோடத்து வயரையும் சேர்த்து. யூபிஎஸ் வாங்கி வைத்தால் கரண்ட் போகும்போது உதவும், ரேம் எரருக்கு உதவாது.

ஏன் இவ்வளவு விவரம் என்றால், புளூ ஸ்கிரீன் வந்தால்கூட நல்லது, தப்பு இருப்பது தெரியும். வராத எரர்தான் கொடுமை. நம் ஊரில் கல்யாணம், காதுகுத்து, தைப்பூசம் எல்லாவற்றுக்கும் வீடியோ எடுத்து வீட்டிலேயே எடிட் செய்து கொடுக்கிற பையன்கள் நிறைய. கேமரா கார்டிலிருந்து காப்பி செய்யும்போது ரேமில் ஒரு பிட் புரண்டால் கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லாது, புரண்ட பிட்டோடு ஹார்ட் டிஸ்கில் எழுதிவிடும். அவன் கார்டை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடுவான். ஜிப் ஃபைல் பிரிக்கும்போது சிஆர்சி எரர், பெரிய கேம் இறக்கினதும் ஃபைல் சரியில்லை என்பது, விண்டோஸ் அப்டேட் பாதியில் அடம்பிடிப்பது, இதெல்லாம் வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் அடிக்கிறார்கள். அடித்த ஃபார்மட்டும் அதே ரேம் வழியாகத்தான் போகிறது. டிடிஆர்5இல் தப்பைத் திருத்துகிற இசிசி இருக்கிறதே என்று ஒரு தம்பி வாதாடினான். அது சிப்புக்குள் நடக்கிற தப்பைத் திருத்துவது. ரேமுக்கும் சிபியுவுக்கும் இடையிலான பாதையில் நடக்கிற தப்பு அதற்குத் தெரியாது, வேகத்தைக் கூட்டி ஓட்டுகிற ஓவர்கிளாக்கில் பெரும் தகராறு அந்தப் பாதையில்தான்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. செட் பண்ணிக் கொடுக்கும்போது எக்ஸ்எம்பியை ஆன் செய்து, விண்டோஸ் திறந்ததும் டாஸ்க் மேனேஜரில் 3600 காட்டி, பார்த்தீர்களா என்று அனுப்பிவிடுகிறார்கள். மெம்டெஸ்ட் நான்கு சுற்று முடிந்த திரையை ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ராத்திரி கடை மூடும்போது ஓடவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும். வாங்குகிறவர்களும் அதைக் கேளுங்கள், ஆர்ஜிபி லைட்டைப் பற்றி அவ்வளவு கேட்கிறீர்கள்.

ஆசிரியருக்கு என் கோரிக்கை சின்னது. வருகிற ஞாயிறு அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், அந்த 1.5க்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதுவரைக்கும், கட்டுரையைப் பார்த்து ஏற்கெனவே ஏற்றிவிட்ட வாசகர்கள் ரேம் பெட்டியில் அச்சடித்திருக்கிற வோல்ட்டேஜுக்கே திரும்ப இறக்குங்கள். அந்த நிலையில் மெம்டெஸ்டில் எரர் வந்தால் வேகத்தை ஒரு படி குறைத்து, 3600 என்றால் 3533, அதுவும் முடியாவிட்டால் 3466 என்று போய், மறுபடி முதலிலிருந்து ஓட்டுங்கள். பயோஸ் திரையே வராமல் போய்விட்டால் பதற வேண்டாம், பிளக்கைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைத்துத் திரும்பப் போடுங்கள், எல்லா எண்ணும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
சார்ஜ்மேன் வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்.